கல்யாணத்துக்குப் பறையாட்டம் வைக்கலாமா?

கொங்குக்காரன்:
அடுத்த மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்குப் பறையாட்டக் குழு வேண்டும் என்று அவளே கேட்கிறாள். பெரியப்பாவிடம் சொன்னதும், "சாவுக்கு அடிக்கிறதைக் கொண்டாந்து மண்டபத்துல நிறுத்துவியா?" என்று எழுந்து போய்விட்டார். செண்டை மேளம் என்றால் சம்மதமாம். அவருக்கு என்ன பதில் சொல்வது? இன்னொன்று, இந்த ஆட்டமெல்லாம் பழசா, மேடைக்காக வந்ததா?

தமிழ் டீச்சர்:
தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம் இவற்றோடு பறையையும் சேர்த்தே சொல்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று நிலத்துக்கு ஒன்றாக உரையாசிரியர்கள் பெயர் சொல்கிறார்கள். துடியன், பாணன், பறையன், கடம்பன் இந்த நான்கைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறது புறநானூறு 335. பெரியப்பாவிடம் இதைக் காட்டுங்கள்.

மேலூர்ப் பேரன்:
டீச்சர், பெரியப்பா எழுந்து போனது புறநானூறு படிக்காததால் இல்லை. அதே புறநானூற்றில் 194ஆம் பாட்டைப் பாருங்கள். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. சாவுக்கு அடித்ததும் உண்மைதான், அதை ஏன் மறைக்க வேண்டும்? செண்டையும் மாட்டுத்தோல்தான். அவருக்கு உறுத்துவது தோல் இல்லை, அடிக்கிற ஆள்.

எங்கள் தாத்தா பறை அடித்தவர். ஊரில் இழவு விழுந்தால் நடுராத்திரியானாலும் ஆள் வரும், போயாக வேண்டும். கூலி பேச முடியாது, கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்பா தலையெடுத்ததும் பறையைப் பரணில் போட்டுவிட்டார், எங்களைத் தொடவே விடவில்லை. அப்படிப் பல ஊர்களில் இளவட்டங்கள் "இனி இழவுக்கு அடிக்க மாட்டோம்" என்று நின்றார்கள். அதற்காக உதை வாங்கியவர்களும் உண்டு. அப்புறம் அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலும் எங்கள் ஆட்கள்தான். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே அடித்து ஆடினார்கள். 2025இல் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இனிமேலாச்சும் கூலி பேசி வாங்கலாமாடா?"

அதனால் கூப்பிடுவதென்றால் ஒழுங்காகக் கூப்பிடுங்கள். முன்பணம், வேன் வாடகை, எல்லாரோடும் ஒரே பந்தியில் சாப்பாடு. கடைசியாகச் சொன்னதற்கு உங்கள் வீட்டில் யார் யார் முகம் சுளிக்கிறார்கள் என்று பாருங்கள்.

சலங்கை:
ஆட்டம் பற்றிக் கேட்டீர்களே. பறையில் அடிக்கும் தாளங்களை அடி என்போம், அவற்றில் பல, ஊர்ச் சடங்குகளிலிருந்து வந்தவை. சாமிச்சாட்டு அடி, மருளடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. சினிமா அடி என்றும் ஒன்று இருக்கிறது, அதன் வயதை நான் சொல்ல வேண்டியதில்லை. பறை இடது தோளில் தொங்கும். ஒரு கையில் கனத்த அடிக்குச்சி, மறு கையில் மெல்லிய சுண்டுக்குச்சி. இரண்டு கைக்கும் வேலை இருப்பதால் ஆட்டமெல்லாம் காலிலும் இடுப்பிலும்தான். நேராக நின்று, எதிரெதிரே நின்று, வளைந்து ஆடுவது ஊரிலேயே உண்டு. ஒரே நிறச் சட்டையும், கால்மணி நேரத்தில் முடிப்பதும் மேடைக்கு வந்த பிறகு சேர்ந்தவை.

குழுவிடம் தோல் பறையா, ஃபைபரா என்று கேளுங்கள். ஃபைபர் வசதிதான், மழையிலும் சுருதி இறங்காது, ஆனால் எனக்கு அந்தச் சத்தம் பிளாஸ்டிக் வாளியைத் தட்டுவது போலத்தான் இருக்கிறது. தோல் என்றால் அடிக்கும் முன் தீயில் காய்ச்ச வேண்டும். மண்டபத்தில் முன்பே பேசிவிடுங்கள்.

கொங்குக்காரன்:
பேசிவிட்டேன். உள்ளே தீ மூட்டக் கூடாதாம். எதிரில் காலி மனை இருக்கிறது, அதைக் கேட்கிறேன். தோல் பறைதான் என்று தங்கச்சி உறுதியாக இருக்கிறாள். ஒரே பந்தி விஷயத்தை அப்பாவே ஒத்துக்கொண்டார். செண்டைத் தோல் கதையைப் பெரியப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அம்மாவிடம் ஒப்படைத்திருக்கிறேன்.