லின்ப்ராக் (லீனியர் புரோகிராமிங் கணக்குப் போடும் ஃபங்ஷன்) தரும் கொலாப்ஸ் லோட் (ஃபிரேம் இடிந்துவிடும் சுமை), கையால் போட்டதில் பாதி. உதவுங்கள்!

பிறைப்பையன்: அவசரம், நாளைக் காலை சூப்பர்வைசரைப் பார்க்க வேண்டும். போர்ட்டல் ஃபிரேமுக்கு (இரண்டு தூண், மேலே ஒரு பீம்) லோயர் பவுண்ட் முறையில் (சமநிலையும் மொமென்ட் வரம்பும் மீறாமல் தாங்கும் சுமையைத் தேடுவது) கொலாப்ஸ் லோட். கையால் 150 கிலோநியூட்டன் வருகிறது, புரோகிராம் 75 என்கிறது. எங்கே தப்பு?

செந்தூல்கம்பி: தூணின் அடி ஃபிக்ஸ்டா (திரும்பாதபடி இறுக்கியதா), பின்னா (திரும்பக்கூடியதா)? ஸ்பான், உயரம், சுமை எங்கே? ஜோசியம் பார்க்கவா சொல்கிறீர்கள்?

மாடிவீடு: அச்சு விசையை விட்டிருப்பீர்கள். தூணில் அது ஏறினால் பிளாஸ்டிக் மொமென்ட் (செக்‌ஷன் தாங்கும் அதிகபட்ச வளைவு மொமென்ட்) குறையும்.

செந்தூல்கம்பி: ஒற்றை மாடிக்குப் பாதியாகவா குறையும்?

பழையஇரும்பு: லோயர் பவுண்ட் குறைத்துத்தான் காட்டும், பெயரிலேயே இருக்கிறது. 1952-ல் டிரக்கர், பிராகர், கிரீன்பெர்க் இந்தத் தேற்றம் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

செந்தூல்கம்பி: அண்ணே, இங்கே சுமையை மேக்ஸிமைஸ் செய்கிறார். ஹிஞ்ச் (பிளாஸ்டிக் மொமென்ட் எட்டிக் கீல் போலத் திரும்பும் இடம்) வரக்கூடிய இடமெல்லாம் சேர்த்திருந்தால் சரியான விடையில்தான் போய் நிற்கும்.

பிறைப்பையன்: மன்னிக்கவும். அடி இரண்டும் ஃபிக்ஸ்டு. ஸ்பான் 8 மீட்டர், உயரம் 4. பிளாஸ்டிக் மொமென்ட் எங்கும் 200 கிலோநியூட்டன் மீட்டர். பீம் நடுவில் கீழ்நோக்கி பி, இடது மூலையில் பக்கவாட்டில் அதே பி. இடியும் விதங்களில் பீம் மட்டும் விழுவது, ஸ்வே (ஃபிரேம் பக்கவாட்டில் சாய்வது) இரண்டுக்கும் பி 200, இரண்டும் சேர்ந்த கம்பைண்டுக்கு 150. மொமென்ட் 200-க்கு மேல் போகக்கூடாது, மைனஸ் 200-க்குக் கீழே போகக்கூடாது என்று இரண்டு வரியும் உண்டு. சீனியரின் மேட்லாப் கோடைப் பைத்தானுக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

மாடிவீடு: கிளாஸ் 1 செக்‌ஷனா (நெளியாமல் ஹிஞ்ச் ஆகத் திரும்பக்கூடியதா)? ஐரோப்பிய ஸ்டீல் கோடான யூரோகோடு 3 அதைக் கேட்கும்.

பழையஇரும்பு: எங்கள் ஆபீஸில் இன்றும் பிரிட்டிஷ் ஸ்டீல் கோடு பி.எஸ். 5950தான்.

மாடிவீடு: அதை 2010-லேயே எடுத்துவிட்டார்களே!

பழையஇரும்பு: பினாங்குப் பிறையில் நான் போட்ட ஷெட் எல்லாம் அதனால் விழுந்துவிட்டதா?

கணக்குப்பிள்ளை: மேட்லாப் என்றதும் புரிந்துவிட்டது. அங்கே பவுண்ட்ஸ் (மாறிகளின் கீழ், மேல் வரம்பு) கொடுக்காவிட்டால் மாறிகள் மைனஸிலும் போகும். பைத்தானின் கணக்கு லைப்ரரி சைபையில் உள்ள லின்ப்ராக்கோ கேட்காமலே எல்லாவற்றையும் பூஜ்யத்துக்கு மேல் பிடித்துக்கொள்ளும். உங்கள் மைனஸ் 200 வரி இருந்தும் பயனில்லை. இரண்டு சமநிலைச் சமன்பாட்டையும் கூட்டிப் பாருங்கள்: நடு பீமிலிருந்து 400, வலது மூலையிலிருந்து 400, இரண்டு அடியிலிருந்தும் 200, 200. மொத்தம் 1200 = 8 பி, அதாவது 150. வலது மூலையும் இடது அடியும் மைனஸில் போக முடியாமல் 0-வில் நின்றால் மிஞ்சுவது 600. அதுதான் உங்கள் 75. மொமென்ட்களுக்கு பவுண்ட்ஸில் மைனஸ் 200, 200 என்று கொடுங்கள், அந்த இரண்டு வரியும் வேண்டாம்.

பிறைப்பையன்: 150 வந்துவிட்டது. நன்றி அண்ணே, தூங்கப் போகிறேன்.

பழையஇரும்பு: அடிப்படை முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன்.

மாடிவீடு: நீங்கள் சொன்னது 1952.