மறுநிரப்பல் வேண்டாம், ‘மறுகட்டு’ என்போம்

வணக்கம் அண்ணே. கோலாலம்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலை நேற்றிரவு பினாங்கில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். பெரும்பாலும் சரிதான். ஆனால் தலைச்சொல்லே நெருடுகிறது. ரீலோடிங் என்பதற்கு ‘மறுநிரப்பல்’ என்று போட்டிருக்கிறீர்கள். படிக்கிறவர், சுட்டு முடித்த துப்பாக்கியில் அடுத்த தோட்டாவைப் போடுவதாகத்தான் நினைப்பார். இங்கே பேச்சு துப்பாக்கியைப் பற்றியே இல்லை. சுட்ட பிறகு வெளியே விழும் வெறும் பித்தளைக் கூட்டைத் திரும்பவும் முழுத் தோட்டாவாக்கும் மேசை வேலை இது.

தோட்டாவில் உறுப்புகள் நான்கு: கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பற்ற வைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு. சுட்டதும் திரும்பப் பயன்படுவது கூடு மட்டும்தான். செத்த பிரைமரைத் தள்ளி எடுத்து, விரிந்துபோன கூட்டை அச்சில் செலுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புது பிரைமர் பதித்து, மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை அமர்த்துகிறார்கள். இத்தனை வேலையில் நிரப்புவது ஒன்றே ஒன்று. பல பொருளைச் சேர்த்து ஒன்றாக்குவதற்கு நம் வாயில் தானாக வருவது ‘கட்டுதல்’. குவீன் தெருப் பக்கம் மாலை கட்டுகிறார்களே, அதே கட்டுதல். எனவே ‘தோட்டா மறுகட்டு’. செய்கிறவர் மறுகட்டுநர்.

கூட்டுக்கு ‘உறை’ வேண்டாம். துப்பாக்கி உறை என்றால் இடுப்பில் மாட்டுவது. ஈழத்தில் ‘கோது’ என்கிறார்கள்; முட்டைக்கோதும் அதே சொல். மலாய்க்காரர் கெலொங்சோங் என்பதைத் தோட்டாக் கூட்டுக்கும், கெத்துப்பாட் என்னும் ஓலைப்பொதிச் சோற்றின் ஓலைக் கூட்டுக்கும் ஒருங்கே சொல்கிறார்கள். வீட்டுப் புழக்கச் சொல்லே இந்த இடத்தில் ஒட்டும். என் வாக்கு கோதுக்கு. பிரைமருக்குப் ‘பொட்டு’. தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பொட்டு வெடியும் தட்டினால்தான் வெடிக்கிறது, இதுவும் அப்படியே.

கருவிகளுக்கு வருவோம். கோதை அச்சில் அழுத்தும் கைப்பிடி இயந்திரமான பிரஸ், பிரஸ்ஸாகவே இருக்கட்டும். கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு வேலை மட்டும் செய்வது ஒற்றைப்படி பிரஸ். ஒரே இழுப்பில் பல கோதுகளில் பல வேலை நடப்பது தொடர்படி பிரஸ். முதல் தடவை வாங்குகிறவருக்கு ஒற்றைப்படியே நல்லது, ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துப் பழகலாம். அச்சுகளைத் தோட்டா வகைக்கு ஏற்பத் தனித்தனியாக வாங்க வேண்டும். பிரஸ்ஸில் சிக்கனம் பார்க்கலாம், தராசில் கூடாது.

அதனால்தான் 14-ஆம் வரியைக் கட்டாயம் திருத்தச் சொல்கிறேன். மருந்தை நிறுக்கும் எடை அலகான கிரெயின் என்பதைக் ‘கிராம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 15.4. மருந்தளவில் இது மாறினால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். மணி, நெல்லெடை என்றெல்லாம் தமிழாக்கவும் வேண்டாம். கிரெயின் என்றே விடுவோம்.

இங்கே 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டாகூட வைத்திருக்க முடியாது, நாம் யாரும் பிரஸ் வாங்கப்போவதில்லை, பிறகு இந்தச் சொற்கள் எதற்கு என்று போன வாரம் நீங்கள் கேட்டது நியாயம். ஆனால் அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் போன்றவர்கள் தங்கள் கராஜில் செய்வதைத் தமிழில் எழுத ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்குத் தவறாத சொல் வேண்டும்.

குண்டை அமர்த்திய பின் கோதின் வாயை இறுக்குவதற்கு மட்டும் எனக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. ‘வாய்நெருக்கு’ சரிப்படுமா அண்ணே?