மணவாளக்குறிச்சி மணலில் எதிர்த்துகள் பிறக்குமா?

களியக்காவிளை மாணவர்:
பொருளும் எதிர்ப்பொருளும் சந்தித்தால் இரண்டும் அழியும் என்று படித்தேன். எங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணல் கிடக்கிறதே, அதன் கதிரியக்கத்தில் எதிர்த்துகள் பிறக்க வாய்ப்புண்டா?

நாகர்கோவில் ஆசிரியர்:
உண்டு, தம்பி. தோரியத்தின் சிதைவுத் தொடரில் வரும் தாலியம்-208, 2.6 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள காமாக் கதிரை வெளியிடுகிறது. எலக்ட்ரானையும், அதே நிறையும் நேர் மின்னூட்டமும் கொண்ட அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் இணையாக உருவாக்க 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால், அக்கதிர் ஓர் அணுக்கருவின் அருகே செல்லும்போது சில வேளைகளில் அவ்விணையாக மாறிவிடுகிறது.

பாறசாலை வாசகர்:
அந்தப் பாசிட்ரான் நெடுந்தூரம் போவதில்லை. மணலுக்குள்ளேயே வேகம் இழந்து ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிய, பெரும்பாலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கொண்ட இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் கிளம்புகின்றன. மருத்துவமனையில் எடுக்கும் பெட் ஸ்கேன் கண்டறிவதும் இதே கதிர்களைத்தான். வெடிக்கும் என்ற அச்சமெல்லாம் திரைப்படத்தோடு நிற்கட்டும்.

களியக்காவிளை மாணவர்:
நன்றி, ஐயா. எப்போதும் இணையாகவே பிறக்குமென்றால், அண்டத்தில் பொருள் மட்டும் மிஞ்சியது எப்படி?

நாகர்கோவில் ஆசிரியர்:
இணையாகப் பிறந்தவை முற்றிலும் சமமாக நடந்துகொள்வதில்லை என்பதை 1964-இல் கேயான் என்னும் நிலையற்ற நுண்துகள்களின் சிதைவு காட்டியது. ஆனால் இதுவரை அளக்கப்பட்ட அந்த வேறுபாடு, இவ்வளவு பொருள் மிஞ்சியதை விளக்கப் போதாது.