பாஸ் பீர் விளம்பரக் கண்ணாடி: 1890-களின் அசலா, பிற்கால நகலா? 350 பவுண்டு தகுமா?

லீட்ஸ்வாசி:
லீட்ஸில் ஒரு பழைய சாமான் கடையில் பப் விளம்பரக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. 90 × 60 செ.மீ., நடுவில் பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம், கீழே தங்க எழுத்தில் 1777. 1890-களில் செய்தது என்கிறார் கடைக்காரர். 350 பவுண்டுக்குக் கீழே இறங்க மாட்டாராம். பின்பக்கம் ஹார்ட்போர்டு, ஸ்டேப்ளர் பின். முன்பக்கம் தடவினால் வழவழப்பு, அதனால் நகல் என்று நண்பர் சொல்கிறார். அங்கங்கே ரசம் போயிருக்கிறது. எப்படி உறுதி செய்வது?

பழையசாமான்:
1777-ஐ விடுங்கள். அது வில்லியம் பாஸ் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரில் பீர் ஆலை தொடங்கிய வருடம். போன மாதம் அச்சடித்த கண்ணாடியிலும் அதே எண்தான் இருக்கும். முக்கோணம் பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது 1876 ஜனவரி 1-இல். எழுத்தும் சின்னமும் "இதற்கு முன் இல்லை" என்று மட்டுமே சொல்லும். டூக்கன் பறவை போட்ட கின்னஸ் பீர் கண்ணாடியை விக்டோரியா காலம் என்று யாராவது விற்றால் நடையைக் கட்டலாம். அந்தப் பறவை கின்னஸ் விளம்பரத்துக்கு வந்ததே 1935-இல்.

ஹார்ட்போர்டு சந்தேகத்துக்கு இடம் கொடுக்கிறது, ஆனால் தீர்ப்பு இல்லை. உளுத்துப்போன பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிது அடிப்பது சகஜம்.

ரசப்பூச்சு:
வழவழப்பை வைத்து நகல் என்பது தவறு சார். ஆசிட் அரிப்பு, சக்கரத்தில் வெட்டிய பள்ளம், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தாள்), வண்ணம் எல்லாமே பெரும்பாலும் கண்ணாடியின் முதுகில் செய்யப்பட்டவை. அசலும் முன்னால் வழவழப்பாகத்தான் இருக்கும். கடையில் இப்படிப் பாருங்கள்:

10 மடங்கு லென்ஸை எழுத்தின் விளிம்பில் வையுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் வளைவுகளில் வலைத்துணியின் படிக்கட்டுப் பல் தெரியும். தங்கம் பொடிப்பொடியாக, பழுப்பேறித் தெரிந்தால் பவுடர் பெயிண்ட். அசல் ரேக்கு கண்ணாடி போலவே மின்னும். பெரிய எழுத்தில் சுமார் 8 செ.மீ.க்கு ஒரு மெல்லிய ஒட்டுக்கோடு தெரியலாம், ரேக்குத் தாளின் அகலம் அவ்வளவுதான்.

பிறகு பென்சில் முனையைக் கண்ணாடியில் தொட்டு, சாய்வாகப் பாருங்கள். முனைக்கும் பிம்பத்துக்கும் உள்ள இடைவெளி தடிமனைக் காட்டும். வீட்டுக் குளியலறைக் கண்ணாடியில் அதே சாய்வில் ஒப்பிடுங்கள். பழைய பப் கண்ணாடிகள் 6 மி.மீ. ஒட்டிய தடித்த தகடு. மலிவு நகல் 3 மி.மீ. எடையும் உதவும்: உங்கள் அளவுக்கு 6 மி.மீ. கண்ணாடி மட்டும் 8 கிலோ, 3 மி.மீ. என்றால் 4 கிலோ.

ரசம் எங்கே போயிருக்கிறது? ஈரம் ஓரத்திலிருந்தும் அடிப்பக்கத்திலிருந்தும் ஏறும். நட்டநடுவில் சீராகத் தெளித்தாற்போல் புள்ளிகள் இருந்தால், யாரோ வேண்டுமென்றே கிழடாக்கியிருக்கிறார்கள்.

பழையசாமான்:
புற ஊதா விளக்கு பற்றியும் கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டுக் கண்ணாடித் தகடு செய்யும் ஃப்ளோட் முறையைப் பில்கிங்டன் கம்பெனி அறிவித்தது 1959-இல். அந்தக் கண்ணாடியின் தகரம் பட்ட முகம் 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பால் போல் மங்கலாக ஒளிரும். சாதாரண 395 நானோமீட்டர் டார்ச்சுக்கு அது தெரியாது. ஒளிர்ந்தால் புதுக் கண்ணாடி. ஒளிராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, தகர முகம் பின்னால் திரும்பியிருக்கலாம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

லீட்ஸ்வாசி:
பார்த்துவிட்டு வந்தேன். எழுத்து விளிம்பில் படிக்கட்டு, தங்கம் பொடி, இடைவெளி வீட்டுக் கண்ணாடியை விடக் குறைவு. புள்ளிகள் முக்கோணத்தின் மேலேயும் ஒரே சீராக. 1890 இல்லை என்று புரிகிறது. அலங்காரத்துக்கு வாங்கினால் எவ்வளவு கொடுக்கலாம்? ரசம் திரும்பப் பூசலாமா?

ரசப்பூச்சு:
1970-களில் வீட்டு அலங்காரத்துக்கென்று இப்படி ஏராளமாக அடித்துத் தள்ளினார்கள், இதுவும் அந்த வகையாகத்தான் தெரிகிறது. 30, 40 பவுண்டுக்கு மேல் நான் கொடுக்க மாட்டேன். ரேக்கும் வெட்டும் உள்ள அசல் பல நூறு போகும், பெரியதும் அரியதும் ஆயிரத்தைத் தாண்டும். இணையத்தில் கேட்கும் விலையை நம்பாதீர்கள். ஏலத்தில் விழுந்த விலையைத் தேடி, வாங்குபவர் கமிஷனையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ரசம் திரும்பப் பூசாதீர்கள். பழைய ரசத்தை ஆசிட்டில் கரைக்கும்போது பின்னாலிருக்கும் எழுத்தும் தங்கமும் கூடவே போய்விடும். அசலில் இதைச் செய்தால் விலையே அடிபடும். பின்பக்கப் பழைய பெயிண்டைச் சுரண்டவும் வேண்டாம், ஈயம் இருக்கக்கூடும். துடைக்கும்போது ஸ்பிரேயை நேரடியாக அடிக்காதீர்கள், சட்டத்தின் இடுக்கில் இறங்கி ரசத்தை அரிக்கும். துணியை லேசாக நனைத்துத் துடைத்தால் போதும்.

லீட்ஸ்வாசி:
நன்றி. 35 சொல்லிப் பார்க்கிறேன்.