நீர்க்கடுப்பு: உங்களுக்கு, வீட்டுல இருக்கறவங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

திருப்பூர், தையல் வேலை:
பனியன் கம்பெனியில ஓவர்லாக் தைக்கிறேனுங்க. பீஸ் ரேட். எந்திரிச்சுப் போனா அந்த நேரத்துக்குக் காசில்லை, அதனால பாதிப் பேரு மத்தியானம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்லை. போன சித்திரையில பக்கத்து மிஷின் புள்ளைக்கு நீர்க்கடுப்பு. சொட்டுச் சொட்டாப் போகுது, வந்து உக்காந்தா மறுபடி முட்டுது, எரிச்சல்ல கண்ணு கலங்குது. சூடுதான்னு எளநி, வெந்தயம் எல்லாம் குடிச்சுப் பார்த்துச்சு. அப்புறம் மருந்துக்கடையில ரெண்டே ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுச்சு. எரிச்சல் அடங்குச்சு. ஆனா அடுத்த வாரம் குளிர்காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழ முதுகுல ஒரு பக்கம் தாங்க முடியாத வலி. தொற்று கிட்னிக்கு ஏறிப்போச்சு. அட்மிட் பண்ணி ஊசியாப் போட்டாங்க. சீட்டு இல்லாம அந்த ரெண்டு மாத்திரையைக் குடுத்தவங்களை நெனைச்சா இன்னும் ஆத்திரம் வருதுங்க. இப்ப எங்க லைன்ல ஆளாளுக்குத் தண்ணி பாட்டில். ஒருத்தி எந்திரிச்சா கூடவே நாலு பேரு எந்திரிக்கறோம், சூப்பர்வைசர் ஒண்ணும் பேச முடியறதில்லை.

ஈரோடு, லேப் டெக்னீஷியன்:
அக்கா, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்டுக்கு, யூரின் குடுத்துடணும். மாத்திரை போட்டுட்டு வந்தா கிருமி சரியா வளராது, எந்த மருந்து கேக்கும்னு எங்களால சொல்ல முடியாது. கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிங்க. மூடியோட உள்பக்கம் விரல் படக்கூடாது. வீட்டுல பிடிச்சு வெயில்ல பஸ்ஸுல கொண்டு வர்றாங்க, வர்றதுக்குள்ள கிருமி பெருகி ரிசல்ட்டே மாறிடுது. பெரும்பாலும் வர்றது ஈ.கோலிங்கற கிருமிதான், நம்ம குடல்ல இருக்கறது. பொண்ணுங்களுக்கு மூத்திரக்குழாய் 4 செ.மீ. அளவுதான், சுலபமா ஏறிடும். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால கழுவணும். புருஷன்கூட இருந்த பிறகு ஒருக்கா போயிட்டு வந்துடணும். இதை எந்த அம்மாவும் பொண்ணுகிட்ட வாய்விட்டுச் சொல்றதில்லை, அதனாலதான் இங்க எழுதறேன். மாசமா இருக்கறவங்களுக்கு எரிச்சல் இல்லாமலே தொற்று இருக்கலாம், யூரின் டெஸ்ட்டைத் தள்ளிப் போடாதீங்க.

கோபி:
எங்க அமுச்சி, அம்மாவோட அம்மா, எரிச்சல்னு சொல்லவே இல்லைங்க. சர்க்கரை உண்டு. திடீர்னு ஒரு நாள் உடம்பு நடுங்குச்சு, நடுராத்திரியில சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போகணும்னு கதவைத் திறக்குது, எங்க மாமனையே யாருன்னு கேக்குது. வயசாயிருச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அத்தைதான் கேக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. யூரின்ல சீழ்செல் நெறைய, தொற்றுதான். மருந்து முழுசாக் குடுத்து முடிக்கறதுக்குள்ள அமுச்சி பழையபடி தெளிஞ்சிருச்சு, மாமனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு.