ஸ்கேனர் ‘பீப்’ என்றது, ஆனால்…

ஸ்டோர் பொறுப்பாளர்:
எங்கள் மருத்துவமனைக்கு பார்கோடு வந்த புதிதில் நடந்தது. ஒரு மருந்தின் குறிப்பிட்ட பேட்சை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியை, திருப்பி அனுப்பச் சொல்லி, தயாரித்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. கணினியில் தேடினால் அந்த பேட்ச் எந்த வார்டிலும் இல்லை. அப்பாடா என்று விட்டுவிட்டோம். மறுநாள் ஏதோ சந்தேகத்தில் ஒரு வார்டு அலமாரியைத் திறந்தால், உள்ளே 6 குப்பிகள்!

கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடிக்கடி புழங்கும் மருந்துகளின் பார்கோடுகளை நகலெடுத்து வரிசையாக ஒட்டியிருந்தார்கள். சரக்கு வந்தாலும் எடுத்தாலும் அந்தத் தாளைத்தான் ஸ்கேன் செய்திருக்கிறார்கள். எண்ணிக்கை என்னவோ கச்சிதமாக இருந்தது. பார்கோடுக்குள் இருக்கும் பேட்ச் எண் மட்டும், தாள் ஒட்டிய நாளிலேயே நின்றுவிட்டது.

இன்னொரு கூத்து. டேட்டாமேட்ரிக்ஸ் என்ற சதுர வடிவ பார்கோடுக்குள் 14 இலக்கப் பொருள் எண் இருக்கும். 17 என்ற குறியீட்டுக்குப் பின் காலாவதித் தேதி, 10 என்ற குறியீட்டுக்குப் பின் பேட்ச் எண். தேதி (ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில்) 270600 என்றிருந்தால், கடைசி 00க்கு ‘மாதக் கடைசி நாள்’ என்று பொருள், அதாவது 2027 ஜூன் 30. எங்கள் மென்பொருளோ அதை மே 31 என்று படித்தது. நல்ல மருந்தையெல்லாம் ஒரு மாதம் முன்பே ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

செவிலியர்:
அந்தத் தாளை எங்கள் வார்டிலும் ஒட்டினோம், ஒளிப்பானேன். உருண்டைக் குப்பியில் லேபிள் வளைந்திருக்கும், கசங்கிய உறையை ஸ்கேனர் படிக்கவே படிக்காது. நான்கு தடவை காட்டியும் ‘பீப்’ வராது. அங்கே நோயாளி காத்திருப்பார். எங்களைத் திட்டுமுன் லேபிளைப் பாருங்கள் சார்.

உயிர்மருத்துவக் கருவிப் பிரிவு:
ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ரேடியோ டேக் வந்தால் இந்தத் தொல்லையே இருக்காது என்றார்கள். டேக் ஒட்டிய சலைன் பெட்டிகளை அடுக்கி, டேக்கைப் படிக்கும் ரீடர் முன்னால் தள்ளினோம். ஓரத்துப் பெட்டிகள் மட்டும் பதிவாயின, நடுவில் இருந்தவை மாயம். இந்த டேக்குகளின் யு.எச்.எஃப் ரேடியோ அலைகளைத் தண்ணீர் விழுங்கிவிடும், உலோகம் திருப்பிவிடும். அறுவைக் கருவித் தட்டிலும் இதே கதைதான். நரம்பு வழியே மருந்தைச் சீராக ஏற்றும் இன்ஃப்யூஷன் பம்ப்பில் நேர்மாறு: சுவருக்கு அப்பாலிருந்த ரீடரும் படித்ததால், ஒரே பம்ப் இரண்டு வார்டில் இருப்பதாகத் திரையில் காட்டியது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் நான் அவசரப்படவில்லை. 2008இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் செய்த 123 சோதனைகளில், 34இல் ரேடியோ டேக் கருவிகள் மருத்துவக் கருவிகளின் வேலையைக் கெடுத்தன. அதனால் நோயாளி இல்லாத படுக்கையில்தான் முதலில் சோதித்தோம்.

ஸ்டோர் பொறுப்பாளர்:
சரி சிஸ்டர், ஒத்துக்கொள்கிறேன். இப்போது குப்பிகள் ஸ்டோருக்கு வந்ததுமே ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பார்க்கிறோம். ஸ்கேனர் படிக்காதவற்றுக்கு அங்கேயே புது லேபிள். தாளையும் கிழித்தாயிற்று.