பிளம்பர் வரும்வரை என்ன செய்தீர்கள்?

மேல்மாடிக் குளியலறையில் சுவரோடு இருந்த ஆங்கிள் காக் (தண்ணீரைத் திறந்து மூடும் சின்னக் குழாய்) கையோடு வந்துவிட்டது. மரை முறிந்து சுவருக்குள்ளேயே நின்றுகொண்டது, மிச்சம் என் கையில். தண்ணீர் நேராக எதிர்ச் சுவரில் போய் அடித்தது. பிளம்பருக்குப் போன் போட்டால், "ஒரு வேலையில இருக்கேன், முடிச்சிட்டு வர்றேன்" என்றார்.

மோட்டாரையும் கீசரையும் அணைத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். தொட்டிக்கு அடியில் மூன்று கேட் வால்வு. எது எந்தப் பக்கம் போகிறது என்று யாரும் குறித்து வைக்கவில்லை. சரி, மூன்றையும் மூடிவிடலாம் என்றால் இரண்டு மூடின, மூன்றாவது உப்புப் பிடித்து அசையவே இல்லை. நமக்கு வேண்டியது அதுதான் என்று சொல்லவா வேண்டும்! அந்த நேரத்தில் ஸ்பானர் போட்டு முறுக்கத்தான் கை துடிக்கும். முறுக்காதீர்கள். தண்டு முறிந்தால் அந்த வால்வு பிறகு எதற்கும் ஆகாது. திறக்கும் பக்கம் கொஞ்சம், மூடும் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஆட்டினேன். பாதிவரை இறங்கியது, அதற்கு மேல் மசியவில்லை.

அடுத்து, கீழ்த்தளத்தில் அதே லைனில் இருந்த குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு வாளி, டிரம் என்று கிடைத்ததில் பிடித்தோம். தாழ்வாக வேறு வழி கிடைத்ததும், மேலே பீய்ச்சி அடித்தது வெறும் ஒழுகலாக அடங்கிவிட்டது. பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீருக்கே அழுத்தம் சுமார் 1 பார்தான். ஒரு மாடி உயரத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் மரத்துண்டு ஒன்றைக் கத்தியால் கூராகச் சீவி, பழைய பருத்தித் துணியைச் சுற்றி ஓட்டையில் செருகியதே தாங்கியது. துணி ஊறி உப்ப உப்பச் சொட்டும் குறைந்தது. ஓங்கி அடிக்கக் கூடாது, உள்ளே பிளாஸ்டிக் எல்போ (குழாய் திரும்பும் இடத்து இணைப்பு) இருந்தால் பிளந்துவிடும்.

ஓட்டையை அடைக்கப் பிசைந்து வைக்கும் எம்-சீல் பசையை வைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டில் நச்சரித்தார்கள். ஓடும் தண்ணீரில் அது எங்கே பிடிக்கும்? பிளம்பருக்குச் சுரண்டுகிற வேலைதான் கூடும்.

*

எங்கள் கதை வேறு. மேல் வீட்டில் குழாய் விட்டுப்போய், எங்கள் கூடத்து விளக்கு வழியாகச் சொட்டியது. அந்த விளக்கின் சுவிட்சை யாரையும் தொடவிடவில்லை. மெயின் பெட்டி நனையாத இடத்தில் இருந்ததால் அங்கேயே மொத்தமாக அணைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஃபால்ஸ் சீலிங் ஒரு இடத்தில் தொப்பை போட ஆரம்பித்தது. கீழே வாளியை வைத்து, ஸ்க்ரூடிரைவரால் அங்கே ஒரு துளை போட்டோம். தேங்கியது வடிந்தது. பலகை மொத்தமாகத் தலையில் விழுவதற்கு ஒரு துளை எவ்வளவோ மேல். இன்னொரு ஓரத்தில் சொட்டிய இடத்தில் ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் தொங்கவிட்டோம். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டே இறங்கியது, டொக் டொக் சத்தமும் நின்றது.

*

நான் பிளம்பர் வேலை பார்ப்பவன். "தண்ணி கொட்டுது, ஓடி வாங்க" என்று மட்டும் சொன்னால் நான் எதை எடுத்துக்கொண்டு வருவது? உடைந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். குழாய் இரும்பா பிளாஸ்டிக்கா, அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நான் வருவதற்குள் லைனை வடித்து வைத்தால் இன்னும் நல்லது. பிளாஸ்டிக் குழாயில் ஈரம் இருந்தால் பசை சரியாகப் பிடிக்காது. அப்புறம் ஒன்று: அடைப்புக்குக் கூப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். உள்ளே கையை விடுவது நாங்கள்.